களவு போன சுவரைத் தோண்டிய ஆறு வாரம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில், சுண்ணப்பாறை மேட்டிலுள்ள ஒரு பார்லி வயலில் ஆறு வாரம் தன்னார்வலராக அகழாய்வு வேலை பார்த்தேன். நாங்கள் தோண்டியது பிற்கால ரோமானியர் காலத்துக் கல்லறைக் கட்டடம். இடத்தின் பெயரை எழுத மாட்டேன். இரவில் உலோகம் தேடும் கருவியோடு வயலுக்குள் இறங்கும் திருடர்கள் அந்தப் பக்கம் பெரிய தொல்லை. பெயரைச் சொல்வதில்லை என்று நிலத்துக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தோம்.

நான் தொல்லியல் படித்தவன் இல்லை. ஆனால் அப்பா காரைக்குடிப் பக்கம் கொத்தனார். சுண்ணாம்பு நீற்றுவதையும் சாந்து அரைப்பதையும் பார்த்தபடி வளர்ந்தேன். அது இந்த வேலைக்கு உதவும் என்று சேரும்போது எனக்குத் தெரியாது.

வயலில் கட்டடம் இருப்பது 2022 வறட்சியின்போது மேலிருந்து எடுத்த படத்தில் தெரிந்தது. சதுரத்துக்குள் ஒரு சதுரம். பொதுவாக மண்ணுக்கடியில் சுவர் இருந்தால் அதன்மேல் நிற்கும் பயிருக்கு வேர் ஓட இடமில்லாமல் சீக்கிரம் வெளுத்துவிடும். பள்ளம் இருந்தால் அங்கே மண் ஆழம், ஈரம் தங்கும், பயிர் பச்சையாக நிற்கும். எங்கள் படத்தில் சதுரங்களின் கோடுகள் பச்சையாக இருந்தன. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு துண்டு மஞ்சள். முதல் நாளே பொறுப்பாளர் படத்தைக் காட்டிச் சொன்னார்: “சுவரைத் தோண்ட வந்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். சுவரை யாரோ முன்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் தோண்டிய பள்ளத்தைத்தான் நாம் தோண்டப் போகிறோம்.” அந்த மஞ்சள் துண்டைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

சதுரத்துக்குள் சதுரம் என்பது ரோமர் கால பிரிட்டனில் கோயில்களின் அமைப்பு. நடுவில் கருவறை, சுற்றிலும் நடைபாதை. கல்லறைக்கும் அதே அமைப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் அதே கென்ட்டில், டேரன்ட் ஆற்றோரம் உள்ள லல்லிங்ஸ்டோன் மாளிகை. 1949-இலிருந்து மீட்ஸ் என்பவர் அங்கே தோண்டினார். மாளிகைக்குப் பின்னால் மேட்டில், கி.பி. 300 வாக்கில் கட்டிய கோயில் போன்ற கல்லறை ஒன்று வெளிப்பட்டது. இளவயதில் இறந்த ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தார்கள். பெண்ணின் பெட்டியைப் பழங்காலத்திலேயே திருடிவிட்டார்கள். ஆணின் பெட்டி தப்பியது, இன்றும் அங்கே பார்க்கலாம். கூடவே 30 கண்ணாடிக் காய்களோடு ஒரு விளையாட்டுப் பலகையும் வைத்திருந்தார்கள். நம் ஊரில் பள்ளிப்படை என்று சொல்வோமே, புதைத்த இடத்தின்மேல் எழுப்பும் கோயில், அதை நினைத்துக்கொண்டால் இந்தக் கட்டடத்தின் நோக்கம் உடனே பிடிபடும்.

மேல்மண்ணை இயந்திரம்தான் எடுத்தது. பல் இல்லாத அகலத் தொட்டியால் ஐந்து ஐந்து சென்டிமீட்டராகச் சீவினார்கள். 28 சென்டிமீட்டரில் உழவுமண் முடிந்து வெள்ளை தெரிந்தது. அப்புறம் நாங்கள் வரிசையாக முட்டி போட்டு, கரண்டியால் சுரண்டியபடி பின்பக்கமாக நகர்ந்தோம். சுத்தம் செய்த இடத்தை மறுபடி மிதிக்கக்கூடாது, அதற்காகத்தான் பின்நடை. இங்கே பயன்படும் கரண்டி கொத்தனார் கரண்டிதான், கொஞ்சம் சின்னது, ஒரே துண்டாக அடித்தது. மூன்றாம் நாள் இரண்டு சதுரங்களும் தரையில் தெளிவாக நின்றன. உள்சதுரம் பக்கத்துக்கு 6 மீட்டர், வெளிச்சதுரம் 11.5 மீட்டர்.

எனக்குக் கொடுத்தது உள்சதுரத்தின் வடக்குப் பக்கப் பள்ளம். கல்லெடுத்தவர்கள் சுவரைப் பின்தொடர்ந்து தோண்டுவார்கள். நல்ல சிக்கிமுக்கிக் கல்லையும் முழு ஓடுகளையும் வண்டியில் ஏற்றுவார்கள். உதிர்ந்த சாந்து, உடைந்த ஓடு, தேவையில்லாத பொடி எல்லாவற்றையும் அதே பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போவார்கள். ஆக, சுவர் இருந்த அதே கோட்டில், அதே அகலத்தில் குப்பை நிறைந்து கிடக்கும். அந்தக் குப்பையை மட்டும் கவனமாக எடுத்தால் சுவரின் அச்சு கிடைக்கும்.

நான் தவறு செய்தது இங்கேதான். ரோமர்கள் அடித்தளத்துக்குச் சுண்ணக்கல்லைப் போட்டு இறுக்கி இடித்திருந்தார்கள். கல்லெடுத்தவர்கள் அதைத் தொடாமல் விட்டிருந்தார்கள். பள்ளத்தில் கிடந்த சாந்துப் பொடியும் வெள்ளை, அடித்தளமும் வெள்ளை. மதிய வெயிலில் கண் கூசியது. ஐந்தாம் நாள் மத்தியானம் நான் பொடி என்று நினைத்து அடித்தளத்துக்குள் இறங்கிவிட்டேன். கரண்டியின் சத்தம் மாறியதைக் கவனித்து நிறுத்தியபோது 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் போயிருந்தது. 1,600 வருஷத்துக்கும் மேலாக அசையாமல் கிடந்த ஒன்றை நான் அரை மணி நேரத்தில் இல்லாமல் செய்துவிட்டேன். அதைத் திரும்ப வைக்க முடியாது. அகழாய்வில் எந்தத் தப்பையும் பிரித்து மறுபடி கட்ட வழி இல்லை.

பொறுப்பாளர் கோபப்படவில்லை. தோண்டிய இடத்தை அப்படியே அளந்து, வரைபடத்தில் விட்டுவிட்ட கோடாகப் போட்டு, “இங்கே மிகையாகத் தோண்டப்பட்டது” என்று அடுக்குத் தாளில் (ஒவ்வொரு மண்ணடுக்குக்கும் ஓர் எண் போட்டு எழுதும் பதிவுத் தாள்) எழுதச் சொன்னார். வாளியில் கலந்துபோன மண்ணைத் தனிப் பையில் போட்டு அதே எண்ணைக் கொடுத்தோம். பிறகு வேலை செய்யும் முறையை மாற்றினேன். செடிக்குத் தெளிக்கும் குப்பியால் தண்ணீரைப் பனி போல அடித்துவிட்டு, குடையால் நிழல் பிடித்துப் பார்க்க வேண்டும். நனைந்தவுடன் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலைந்து நிமிஷத்தில் உதிரிப் பொடி முதலில் காய்ந்து வெளுக்கும், இடித்த சுண்ணக்கல் ஈரத்தோடு மங்கலாகவே நிற்கும். எல்லை அப்போது கோடு போட்ட மாதிரி தெரியும். உடனே ஆணி முனையால் கீறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மறைந்துவிடும். அதற்குப் பிறகு காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் மட்டுமே எல்லைகளைத் தோண்டினேன். நடுப்பகலில் சல்லடை வேலை.

பள்ளத்துக் குப்பையில் கிடைத்த பானை ஓடுகளில் பாதிக்கு மேல் சிப்பித் தூள் கலந்து வனைந்தவை, 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. கல் அப்போதுதான் போயிருக்க வேண்டும். எங்கே போயிருக்கும் என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. ஆனால் அந்தக் காலத்துக் கென்ட்டில் கல்லுக்கு அலைந்தவர்கள் யார் என்று யோசித்தால் தேவாலயம் கட்டியவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஃபேவர்ஷாம் அருகே, வயல் நடுவில் பாழடைந்து நிற்கும் ஸ்டோன் சிற்றாலயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். அங்கே கல்லைப் பெயர்க்கவில்லை. நாலாம் நூற்றாண்டுக் கல்லறையின் சதுரச் சுவரையே தேவாலயத்தின் பீடப் பகுதியாக வைத்துக் கட்டிக்கொண்டார்கள். கல்லுக்கு நடுவே ரோம ஓட்டு வரிசைகள் இன்னும் சிவப்பாகத் தெரிகின்றன. எங்கள் கட்டடம் முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றுதான் மனசில் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் உள்சதுரத்தின் நடுவிலிருந்த புதைகுழிக்கு வந்தோம். மனித எலும்பு வரும் என்று தெரிந்ததால் முன்கூட்டியே உரிமம் வாங்கியிருந்தார்கள். 1857-ஆம் ஆண்டு அடக்கச் சட்டத்தின்படி நீதித் துறை அமைச்சகம் தருவது. குழியைச் சுற்றிப் பச்சைத் திரை கட்டி, வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் வேலை செய்ய வேண்டும். அந்தத் திரைக்குள் நுழைந்ததும் எல்லோர் குரலும் தானாகவே தாழ்ந்துவிடும்.

குழியில் இரண்டு அடக்கங்கள். தென்பக்கம் இருந்தது சிதைந்துவிட்டது. மேலிருந்து புனல் மாதிரி ஒரு குழி தோண்டி ஈயப் பெட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். எலும்புகள் ஒரு மூலையில் குவியலாக ஒதுக்கப்பட்டிருந்தன. ஈயத்தில் மிஞ்சியது கையளவு மடிந்த ஒரு பட்டை, அதில் மணிக்கோர்வை போன்ற கோடும் பாதிச் சிப்பி உருவமும். சிப்பி உருவம் பிரிட்டனின் ரோம ஈயப் பெட்டிகளில் அடிக்கடி வருவது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் 1999-இல் கல்தொட்டிக்குள் அப்படியே கிடைத்த நாலாம் நூற்றாண்டுப் பெண்ணின் ஈயப் பெட்டியிலும் அதே சிப்பிகள். அவள் பல்லிலிருந்த தனிமங்களைச் சோதித்து, ரோம் நகரத்தில் வளர்ந்தவளாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். திருடர் கை படாத ஒரு பெட்டி இவ்வளவு பேசும். எங்கள் பெட்டியை உருக்கிக் கூரைக்கோ குழாய்க்கோ பயன்படுத்தியிருப்பார்கள். அந்தக் குவியலின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

வடபக்கத்து அடக்கம் கலையாமல் இருந்தது. மரப்பெட்டி, ஆனால் மரம் எப்போதோ மக்கிவிட்டது. மிஞ்சியது ஆணிகள். ஆணியைக் கண்டவுடன் பிடுங்கக்கூடாது. ஒவ்வொன்றின் இடம், ஆழம், முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மூன்றையும் பதிந்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். 23 ஆணிகளையும் வரைபடத்தில் வைத்தபோது காணாமல் போன பெட்டி அந்தரத்தில் எழுந்து நின்றது. நீளம் 1.9 மீட்டர், தலைமாட்டில் அகலம், கால்மாட்டில் குறுகல். துருவில் மரத்தின் நார் அப்படியே பதிந்திருக்கும். நார் ஓட்டம் எந்த இடத்தில் திசை மாறுகிறதோ அங்கே ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. எங்கள் ஆணிகளில் தலையிலிருந்து 3.5 சென்டிமீட்டரில் மாறியது, பலகையின் கனம் அதுதான். கண்ணால் பார்க்காத பலகையின் கனத்தைத் துருவிலிருந்து அளந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

எலும்பைச் சுற்றி உலோகக் கரண்டி கூடாது. மூங்கில் குச்சி, மரத்தட்டை, மென்தூரிகை, சின்னப் பஞ்சு. சுண்ண மண் எலும்பை நன்றாகக் காப்பாற்றும், எனவே விரல் எலும்புகள்கூட இருந்தன. எடுக்கும்போது இடது கை ஒரு பை, வலது கை ஒரு பை, கால்களும் அப்படியே. கலந்துவிட்டால் ஆய்வகத்தில் பிரிக்க நாள்கணக்கில் ஆகும். இடுப்பு எலும்பு இருந்த மண்ணைத் தனியாக எடுத்தோம், குடல்புழு முட்டைகள் அங்கே தங்கியிருக்கலாம் என்பதற்காக. ஒப்பிட்டுப் பார்க்கத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்து மண் மாதிரி. கால்மாட்டில் இரண்டு கொத்தாகச் சிறு இரும்பு ஆணிகள், செருப்பின் அடிப்பாகத்தில் அடித்தவை. தோல் போய்விட்டது, ஆணிகள் பாத வடிவத்திலேயே நின்றன. இடதில் 61 எண்ணினோம். வலது கொத்தை எண்ணாமல், மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றி, துணிப்பட்டையும் மாவுக்கட்டும் போட்டு மண்ணோடு கட்டியாகத் தூக்கினோம். எக்ஸ்ரே எடுத்தால் ஆணி அடித்த கோலம் தெரியும்.

நான்காம் வாரம் கிடைத்த காசால் எங்கள் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. நடைபாதையின் சாந்துத் தளத்துக்கு அடியில், நிரவிப்போட்ட கல்லுக்கு நடுவே ஒரு சின்னச் செப்புக்காசு. இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். ‘படையின் பெருமை’ என்று லத்தீனில் எழுதிய கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு. இரண்டு கொடி என்றால் 330 முதல் 335 வாக்கில் அடித்தது. அதற்குப் பின் அடித்ததில் ஒரே கொடிதான். தளத்துக்கு அடியில் அந்தக் காசு கிடந்ததால் தளம் 330-க்கு முன்னால் போட்டிருக்க முடியாது. நாலாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள் கரூர் அமராவதி மணலிலும் இலங்கையிலும்கூடக் கிடைப்பவை. அதைச் சொன்னதும் கூட இருந்தவர்கள் காசை மறுபடி வாங்கிப் பார்த்தார்கள். சரி, கல்லறை 330-க்குப் பின் கட்டியது என்று அன்றைய நாட்குறிப்பில் நானும் எழுதிவைத்தேன்.

அன்று இரவு அப்பாவிடம் வீடியோவில் பேசும்போது அடுக்கிவைத்த சாந்துக் கட்டிகளின் படத்தைக் காட்டினேன். வெளிச்சுவர்ப் பள்ளத்தில் கிடைத்தது வெள்ளைச் சாந்து, மணலும் சிறு கல்லும் கலந்தது. உள்சுவர்ப் பள்ளத்தில் கிடைத்தது இளஞ்சிவப்பு, ஓட்டை இடித்துப் போட்டது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்களே, அதேதான். சுட்ட மண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “இது ஒருத்தன் கை இல்லப்பா. சாந்து கலந்தவன் வேற, காலமும் வேறயா இருக்கும். ஒரே வேலைன்னா எதுக்கு ரெண்டு மாதிரி கலக்கணும்?” என்றார்.

சாந்து மாறினாலே காலம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஈரம் படும் இடத்துக்கு மட்டும் சுர்க்கிச் சாந்து போட்டிருக்கலாம். இருந்தாலும் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. பொறுப்பாளரிடம் கேட்டு, பள்ளத்தில் உதிர்ந்து கிடந்த கட்டிகளில் இரண்டிலும் 50 கிராம் வாங்கி, ஐந்து நாள் வினிகரில் ஊறவைத்தேன், தினமும் வினிகரை மாற்றி. சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது. கழுவிக் காயவைத்து நிறுத்ததில் சிவப்பில் 29 கிராம், வெள்ளையில் 34 கிராம் மிஞ்சியது. சிவப்பில் ஓட்டுத் துகள் மிளகு அளவில் சீராக இருந்தது, சல்லடையில் சலித்துப் போட்டிருக்கிறார்கள். வெள்ளையில் மணலின் அளவு கண்டபடி. ஒரு எச்சரிக்கை: சாந்தில் சுண்ணக்கல் துண்டு கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துபோகும், கணக்கு தப்பாகிவிடும். ஊறப்போடுமுன் உருப்பெருக்கியில் பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும்.

விடை வடகிழக்கு மூலையில் இருந்தது. படத்தில் மஞ்சளாகத் தெரிந்ததே, அந்தத் துண்டு. அங்கே உள்சுவர் 1.4 மீட்டர் நீளத்துக்கு, 45 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தப்பியிருந்தது. ஏன் விட்டுவைத்தார்கள் என்று தெரியவில்லை. வெளிமுகத்தில் சிவப்புப் பட்டை தீட்டிய பூச்சு. நடைபாதைத் தளம் அந்தப் பூச்சின்மேல் வந்து முட்டி நின்றது. தளத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பகுதியை வெட்டிப் பார்க்க அனுமதி கிடைத்தது. குடை, தண்ணீர்க் குப்பி, மூங்கில் குச்சி என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். பூச்சு தளத்தோடு நிற்கவில்லை. தளத்துக்குக் கீழே இன்னும் 12 சென்டிமீட்டர் இறங்கியது. அந்தக் கீழ்ப்பகுதியில் மழையில் சேறு தெறித்த கறை. அந்தப் பூச்சு வெட்டவெளியில் மழை வாங்கியிருக்கிறது.

அப்படியென்றால் முதலில் கட்டியது உள்சதுரம் மட்டும், தனியாக நின்ற சிறு கல்லறை. நடைபாதையும் வெளிச்சுவரும் பின்னால் சேர்த்தவை. காசு நடைபாதைத் தளத்துக்கு மட்டுமே காலம் சொல்கிறது. கல்லறை அதற்கு முந்தியது. நாட்குறிப்பில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, தேதி போட்டு, புதிதாக எழுதினேன். யாரோ தங்கள் வீட்டு இறந்தவர்களுக்குக் கட்டிய சிறு மாடத்தைப் பின்னால் வந்தவர்கள் கோயிலாகப் பெருக்கியிருக்கிறார்கள். நான் மிகையாகத் தோண்டிய இடத்துக்கும் இந்த மூலைக்கும் இடையே 60 சென்டிமீட்டர்தான். அளந்து பார்த்தபோது கை நடுங்கியது.

பூச்சுத் துண்டுகள் மொத்தம் 412. பெரும்பாலானவை வண்ணம் தரையைப் பார்த்தபடி விழுந்திருந்தன. வெயிலில் காயவைத்தால் வண்ணம் உரிந்துவிடும், நிழலில் மணல் தட்டில் மெதுவாகக் காய வேண்டும். கழுவக்கூடாது. டார்செட்டின் பவுண்ட்பரி இடுகாட்டில், கோல் பிடித்த மனிதர்களின் உருவம் தீட்டிய கல்லறைப் பூச்சு கிடைத்திருப்பதால் எங்களுக்கும் முகம் ஏதாவது வருமா என்று எல்லோருக்கும் ஆசை. இதுவரை சிவப்புப் பட்டை, ஒரு பச்சைக் கொடி, அவ்வளவுதான். சேர்த்துப் பார்க்க நான் வண்ணப் பக்கத்தைவிடப் பின்பக்கத்தையே நம்புகிறேன். பூச்சின் கனம், சுர்க்கியின் நிறம், கல்மேட்டில் அழுந்திய தடம் மூன்றும் ஒத்தால்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்று துண்டுகள் சேர்ந்திருக்கின்றன.

கடைசி வாரம் வரைந்து முடித்து மூடினோம். தப்பிய மூலையின்மேல் நீர் இறங்கும் துணி விரித்து, சலித்த மண் ஒரு முழம், பிறகு இயந்திரம். துணிக்கு மேலே அந்த வருஷத்துக் காசு ஒன்றைப் போட்டார் பொறுப்பாளர், பின்னால் தோண்டுகிறவர்களுக்கு.

எடைக் கணக்கை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். பழைய ஓட்டை இடித்து, மிளகு அளவுக்குச் சலித்து, அந்தக் கணக்கில் சுண்ணாம்பு கலந்து ஒரு செங்கல்மேல் பூசிவைத்திருக்கிறார். நிறம் சரியாக வரவில்லையாம், நம் ஓடு இன்னும் சிவப்பாம். காய இருபது நாள் ஆகும், அதுவரை வெயிலில் வைக்காதே என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.